மோதிரம் கிடைத்துவிட்டது, மகளிடம் என்ன சொல்வது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். நான்கு வருடமாக வீட்டு வேலை பார்த்தவர், உங்கள் ஏழு வயது மகளுக்கு அம்மா அப்பாவுக்கு அடுத்து மிக நெருக்கமானவர். மோதிரம் காணாமல் போனபோது அவர்மேல் சந்தேகப்பட்டு வேலையை விட்டு அனுப்பிவிட்டீர்கள். மூன்று வாரம் கழித்து மோதிரம் பயணப் பையின் உள்ஜிப்பில் இருந்து கிடைத்தது. "அக்கா எப்ப வருவாங்க" என்று தினமும் கேட்ட மகள் இப்போது கேட்பதையே நிறுத்திவிட்டாள். "ஊருக்குப் போயிருக்காங்க என்று சொல்லி வைத்திருக்கிறோம். அப்படியே விட்டுவிடலாமா, மறந்துவிடுவாளா?" என்பது நீங்கள் கேட்டது. நடுவில் போகிற போக்கில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: "அக்கா அலமாரியைத் திறந்தாங்களா என்று கேட்டதற்கு, ஆமா என்று மகளேதான் சொன்னாள்." என் பதிலில் பெரும்பகுதி அந்த ஒரு வரியைப் பற்றியது.

முதலில் நேரடியான பதில். அப்படியே விட வேண்டாம். கேட்பதை நிறுத்திவிட்டாள் என்பதற்கு மறந்துவிட்டாள் என்று பொருள் இல்லை. கேட்டால் வீட்டில் எல்லோர் முகமும் மாறுகிறது என்பதைக் கண்டுகொண்ட குழந்தைகள் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு நான்கு வருடம் என்பது அவளுக்கு நினைவு தெரிந்த காலம் முழுவதும். உண்மையைச் சொல்லுங்கள். ஆனால் அவளிடம் சொல்வதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த நட்பின் எடையைப் பெரியவர்கள் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ருடால்ஃப் ஷாஃபர், பெக்கி எமர்சன் இருவரும் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1964ல் வெளியிட்ட ஆய்வு, ஒன்றரை வயதுக்குள்ளேயே பெரும்பாலான குழந்தைகள் ஒன்றுக்கு மேற்பட்டவர்களிடம் பற்று வைத்துவிடுகிறார்கள் என்று காட்டியது. அதிக நேரம் உடன் இருப்பவர், உணவு ஊட்டுபவர் என்ற கணக்கில் அந்தப் பற்று வருவதில்லை. குழந்தையின் அழைப்புக்கு யார் உடனே முகம் கொடுக்கிறார்களோ அவர்களிடம் வருகிறது. குழந்தைகளின் இந்தப் பற்றை விளக்கும் கோட்பாட்டை உருவாக்கிய உளவியலாளர் ஜான் பௌல்பி லண்டனில் செவிலித்தாயிடம் வளர்ந்தவர். அவருக்கு ஏறக்குறைய நான்கு வயதானபோது, அவர் மிக நேசித்த வளர்ப்புப் பணிப்பெண் வேலையை விட்டுப் போய்விட்டார். அந்தப் பிரிவு தாயை இழப்பதற்கு ஏறத்தாழ ஈடானது என்று முதிர்ந்த வயதில் அவரே சொல்லியிருக்கிறார். ஆகவே "வேலைக்கு வந்தவங்கதானே, வேற ஆள் வந்தா சரியாயிடும்" என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். சம்பளம் வாங்கியது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான ஏற்பாடு. குழந்தைக்கும் அவருக்கும் இடையில் அப்படி ஏதும் இருக்கவில்லை.

இப்போது அந்த வரி. "அக்கா அலமாரியைத் திறந்தாங்களா?" என்பது பதிலைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிற கேள்வி. யாரைப் பற்றி, என்ன செய்ததைப் பற்றி என்பதெல்லாம் கேள்வியிலேயே வந்துவிட்டது. குழந்தைக்கு மிச்சம் ஆமா, இல்லை இரண்டுதான். அதோடு, வேலை செய்பவர் அலமாரியைத் திறந்திருக்கவும் கூடும், துணி அடுக்குவது அவர் வேலையாக இருந்தால். குழந்தை உண்மையையே சொல்லியிருக்கலாம். என்றைக்கோ திறந்ததைச் சொல்லியிருக்கலாம். உங்கள் குரலில் இருந்த பதற்றத்தைப் பார்த்து, நீங்கள் எதிர்பார்த்ததைச் சொல்லியிருக்கலாம். ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், முதல் பதில் தப்புபோலிருக்கிறது என்று நினைத்து மாற்றிச் சொல்லும் பழக்கமும் சிறு குழந்தைகளுக்கு உண்டு. நீங்கள் எத்தனை முறை கேட்டீர்கள், முதலில் என்ன சொன்னாள் என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள்.

இது குறித்து நன்கு அறியப்பட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மிஷெல் லைக்ட்மன், ஸ்டீபன் சேசி இருவரும் 1995ல் வெளியிட்டது. சாம் ஸ்டோன் என்ற பெயரில் ஒருவர் மழலையர் பள்ளிக்கு வந்து இரண்டு நிமிடம் இருந்துவிட்டுப் போனார், எதையும் தொடவில்லை. ஒரு பிரிவுக் குழந்தைகளிடம் மட்டும், அவர் வருவதற்கு முன்பே, அவர் எதையாவது உடைத்துக்கொண்டே இருப்பவர் என்று வாரக்கணக்கில் கதை சொல்லியிருந்தார்கள். வந்துபோன பிறகு, அவர் புத்தகத்தைக் கிழித்தார், பொம்மையை அழுக்காக்கினார் என்பது போன்ற திசைகாட்டும் கேள்விகளைப் பல முறை கேட்டார்கள். இரண்டும் சேர்ந்த பிரிவில், 3, 4 வயதுக் குழந்தைகளில் 72 விழுக்காட்டினர் அவர் ஏதோ ஒன்றையாவது செய்ததாகச் சொன்னார்கள். முன்கதையும் சொல்லாமல் திசைகாட்டிக் கேள்வியும் கேட்காமல் விட்ட பிரிவில் அப்படிச் சொன்னவர்கள் மிகக் குறைவு. ஆய்வில் இருந்தவர்கள் 3 முதல் 6 வயது வரையிலானவர்கள், வயது கூடக் கூட இந்த விளைவு குறைந்தது. உங்கள் மகளுக்கு ஏழு. எனவே அந்த எண்ணை அவளுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் வழி அதேதான்: ஒருவரைப் பற்றிச் சந்தேகத்தோடு பேசுவது காதில் விழுகிறது, பிறகு அவரைப் பற்றித் திசைகாட்டும் கேள்வி வருகிறது.

அவள் உள்ளே என்ன சுமக்கிறாள் என்பதை நான் இங்கிருந்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இருந்தாலும் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கு வாய்ப்பு அதிகம். "நான் ஆமான்னு சொன்னேன், அக்காவை அனுப்பிட்டாங்க." இந்தக் கணக்கைக் குழந்தை தானே போட்டுக்கொள்ளும், யாரிடமும் சொல்லாது. குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் ழான் பியாஜே 1932ல் எழுதியதில் ஒரு சோதனை வரும். தெரியாமல் 15 கோப்பைகளை உடைத்த சிறுவன், திருட்டுத்தனமாக ஒன்றை எடுக்கப் போய் ஒரே ஒரு கோப்பையை உடைத்த சிறுவன், இவர்களில் யார் அதிகத் தப்பு செய்தவன்? சிறு குழந்தைகளில் பலர் 15 உடைத்தவனைச் சொன்னார்கள். சேதம் எவ்வளவு பெரிதோ குற்றமும் அவ்வளவு பெரிது. பின்னால் வந்தவர்கள், கதையை எளிமையாக்கிச் சொன்னால் சின்னக் குழந்தைகளும் நோக்கத்தைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்று காட்டியிருக்கிறார்கள். ஆனால் தன் சொல்லால் வந்த விளைவு இத்தனை பெரிதாக இருக்கும்போது, ஏழு வயதில் நோக்கத்தைப் பிரித்துப் பார்த்துத் தன்னை விடுவித்துக்கொள்வது கடினம். அதை நீங்கள்தான் செய்துகொடுக்க வேண்டும். இதற்காகவே உண்மையைச் சொல்லச் சொல்கிறேன். "ஊருக்குப் போயிருக்காங்க" என்ற பொய் இருக்கும்வரை, "உன்னால் இல்லை" என்ற வாக்கியத்தை உங்களால் சொல்லவே முடியாது.

இனி, முதலில் செய்ய வேண்டியது. மகளிடம் பேசுவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் போங்கள். "அக்காகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?" என்பது மகள் கேட்கப்போகும் முதல் இரண்டு மூன்று கேள்விகளில் ஒன்றாக இருக்கும். "இனிமேல்தான் கேக்கணும்" என்ற பதில் அவளை இன்னும் குழப்பும். யார் வாயால் குற்றம் சொன்னார்களோ அவரே நேரில் போக வேண்டும். போனில் சொல்லிவிடுவதும் இன்னொருவரை அனுப்புவதும் வேண்டாம். வரலாமா என்று கேட்டு, அவர் சொல்லும் நேரத்துக்குப் போங்கள். சொல்ல வேண்டியது சின்னதுதான்: "மோதிரம் எங்க பையிலேயே இருந்தது. நீங்க எடுக்கல. நாங்க தப்பா சொல்லிட்டோம். அதுக்கு மன்னிப்புக் கேட்க வந்திருக்கோம்." இதோடு நிறுத்துங்கள். "அந்த நேரத்துல எங்க நிலைமை அப்படி" என்று தொடங்கினால் மன்னிப்பு வாதமாக மாறிவிடும். அவர் திட்டலாம், அழலாம், ஒன்றும் பேசாமலும் இருக்கலாம். "மன்னிச்சுட்டேன்னு சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். மகளையும் அழைத்துப் போகாதீர்கள். குழந்தை முன்னால் நின்றால் அவர் தன் கோபத்தை விழுங்கிவிட்டுச் சிரிக்க வேண்டியிருக்கும், அது அவருக்கு இரண்டாம் முறை செய்யும் அநியாயம்.

மன்னிப்போடு கணக்கும் தீர வேண்டும். நீங்கள் அனுப்பிய நாளில் இருந்து அவருக்கு வேறு வேலை கிடைத்த நாள் வரையிலான சம்பளத்தைக் கணக்கிட்டு, உதவி என்றோ அன்பளிப்பு என்றோ சொல்லாமல், கொடுக்க வேண்டிய பாக்கியாகவே கொடுங்கள். பணத்தை முதலில் நீட்டாதீர்கள், பேசி முடித்த பிறகு கொடுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011ல் ஏற்றுக்கொண்ட 189ஆம் உடன்படிக்கை வீட்டுப் பணியாளர்களை மற்றத் தொழிலாளர்களைப் போலவே நடத்தக் கேட்கிறது. அலுவலகத்தில் ஒருவரைத் தவறாக வேலைநீக்கம் செய்தால் எது நியாயமோ அதுவேதான் இங்கேயும். அடுத்தது பெயர். இவரைச் சந்தேகிக்கிறோம் என்று யார் யாரிடம் சொன்னீர்கள் என ஒரு தாளில் எழுதுங்கள்: அக்கம்பக்கம், உறவினர், அவரை வேலைக்கு அனுப்பியவர், குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு. ஒவ்வொருவரிடமும் மோதிரம் கிடைத்தது, அவர் எடுக்கவில்லை, தவறு நம்முடையது என்று தெளிவாகச் சொல்லுங்கள். குழுவில் எழுதியிருந்தால் குழுவிலேயே எழுதுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தால், பொருள் வீட்டிலேயே கிடைத்ததை எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலை வாங்கி ஒரு நகலை அவரிடம் கொடுங்கள். எத்தனை ஆண்டு வேலை பார்த்தார், என்ன நம்பிக்கையோடு இருந்தார் என்று தேதியும் கையெழுத்தும் போட்ட கடிதம் ஒன்றையும் கொடுங்கள். அடுத்த வேலை தேடும்போது அவர் கையில் இருக்க வேண்டிய முக்கியமான தாள் அது. பலர் மன்னிப்பை வீட்டுக்குள் கேட்டுவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். அவமானம் நாலு பேர் முன்னால் நடந்தது, திருத்தமும் அவர்கள் முன்னால்தான் நடக்க வேண்டும்.

திரும்ப வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்கலாம், ஒரே ஒரு முறை. மகளின் ஏக்கத்தைச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. "பாப்பா உங்களை நினைச்சு சாப்பிடவே மாட்டேங்கிறா" என்ற வாக்கியம் உண்மையாகவே இருந்தாலும், அங்கே அது அவர் கழுத்தைப் பிடிக்கும். கிளம்பும்முன் ஒன்று மட்டும் கேளுங்கள்: "பாப்பாகிட்ட உண்மையைச் சொல்லப் போறோம். நீங்க அவகிட்ட ஏதாவது சொல்லணும்னு நினைக்கிறீங்களா? அவ உங்ககிட்ட பேசலாமா?" அவர் என்ன சொன்னாலும் அதுதான் எல்லை.

மகளிடம் பேசுவதற்கு விடுமுறை நாளின் காலை நல்லது. தூங்கப் போகும்போதோ பள்ளிக்குக் கிளம்பும்போதோ வேண்டாம், பேச்சுக்குப் பிறகு அவள் பக்கத்தில் நீங்கள் சில மணி நேரமாவது இருக்க வேண்டும். நீங்களும் உங்கள் கணவரும் என்ன சொல்வது என்று முன்பே ஒத்துக்கொள்ளுங்கள். அவள் முன்னால் "நீதான் முதல்ல சந்தேகப்பட்டே" என்று ஒரு பேச்சு வந்தால் மொத்தமும் வீண். நான்கைந்து வாக்கியம் போதும்: "அக்கா ஊருக்குப் போனாங்கன்னு சொன்னோம்ல, அது உண்மை இல்ல. மோதிரத்தைக் காணோம்னதும் அக்கா எடுத்துட்டாங்கன்னு நினைச்சு நாங்கதான் போகச் சொன்னோம். மோதிரம் நம்ம பையிலேயே இருந்துச்சு. அக்கா எடுக்கவே இல்ல. நாங்க போய் அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டோம்." கொஞ்சம் இடைவெளி விட்டு, அவள் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லுங்கள்: "அலமாரியைத் திறந்தாங்களான்னு உன்கிட்ட கேட்டோம். உன்கிட்ட அதைக் கேட்டிருக்கவே கூடாது, அது எங்க தப்பு. நீ சொன்னதால அக்கா போகல. போகச் சொன்னது நாங்க." இந்தக் கடைசி இரண்டு வாக்கியத்தை வார்த்தை மாறாமல் சொல்வது நல்லது. "பரவாயில்ல, நீ சின்னப் பொண்ணு, தெரியாம சொல்லிட்டே" என்று ஆறுதல் சொல்ல மனம் வரும். அதில் நீதான் தப்பு செய்தாய், மன்னித்துவிட்டோம் என்ற பொருள் ஒளிந்திருக்கிறது.

சொன்னதும் அவள் அழாமல் விளையாடப் போய்விட்டால் புரியவில்லை என்று நினைத்து மறுபடி விளக்காதீர்கள். இந்த வயதில் துக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். பத்து நிமிடம் கழித்து ஒரு கேள்வி, மூன்று நாள் கழித்து குளிக்கும்போது இன்னொன்று. அதே கேள்வியை அதே வார்த்தையில் பல முறை கேட்டால் அதே வார்த்தையில் பதில் சொல்லுங்கள், பதில் மாறாமல் நிற்கிறதா என்று பார்க்கிறாள். கோபம் உங்கள்மேல் திரும்பலாம். "நீங்க கெட்டவங்க" என்று சொன்னால், "எங்க மேல கோபமா இருக்கே, சரிதான்" என்பது போதும். நீங்கள் உடைந்து அழுதால் அவள் தன் துக்கத்தை மூட்டை கட்டிவைத்துவிட்டு உங்களைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாள். பொம்மைகளை வைத்துத் திருடன் விளையாட்டு, பொருளை ஒளித்து வைப்பது, தன் பையைத் தானே அடிக்கடி சோதிப்பது இவையெல்லாம் வரலாம். விளையாட்டைத் திருத்தாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். தூக்கக் குறைவு, வயிற்றுவலி, படுக்கையில் சிறுநீர் போன்றவை சில வாரம் இருந்து பெரும்பாலும் தணியும். ஒரு மாதத்துக்கு மேல் குறையாமல் போனாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ, தன்னைத் தண்டித்துக்கொள்வது போலப் பேசினாலோ, குழந்தைகள் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ நேரில் பாருங்கள். எழுத்தில் வரும் எந்தப் பதிலும் அதற்கு ஈடாகாது.

ஒரு கேள்விக்கு மட்டும் தயாராக இருங்கள். இந்த வயதிலோ இன்னும் சில வருடத்திலோ அது வரும்: "அன்னைக்கு மாமாவும் வந்திருந்தாங்கல்ல, அவங்க எடுத்தாங்கன்னு ஏன் நினைக்கல?" இதற்கு மழுப்பல் வேண்டாம். "அக்கா நம்ம வீட்டுல வேலை செய்றவங்கங்கிறதால முதல்ல அவங்க மேல சந்தேகம் வந்துச்சு. அது நியாயமில்ல." இப்படிச் சொல்வது கஷ்டம்தான். ஆனால் இந்த நிகழ்ச்சியில் குழந்தை ஏற்கெனவே ஒரு பாடம் கற்றுவிட்டாள்: யாருடைய பையைச் சோதிக்கலாம், யாருடைய பையைச் சோதிக்கக் கூடாது என்று. நீங்கள் வாய் திறந்து மறுக்காவிட்டால் அவளுக்குள் அதுவே நிலைத்துவிடும்.

பேசலாம் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தால், முதல் தடவை அழைப்பைச் சின்னதாக வையுங்கள், பத்து நிமிடம் போதும். மகள் கையில் படமோ எழுத்தோ இருந்தால் பேச்சு தானாக வரும். "மன்னிப்புக் கேளு" என்று மகளைத் தூண்டாதீர்கள், அவள் கேட்க வேண்டியது ஏதும் இல்லை. அடுத்து எப்போது என்பதை அந்தப் பெண்தான் சொல்ல வேண்டும், நீங்களாக வாக்குக் கொடுக்காதீர்கள். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் மகளிடம் அதையும் சொல்லுங்கள்: "அக்காவுக்கு எங்க மேல வருத்தம் இருக்கு. இப்ப பேச வேண்டாம்னு சொன்னாங்க." "உன்மேல அவங்களுக்குக் கோபம் இல்ல" என்று சேர்ப்பது அவர் அப்படிச் சொல்லியிருந்தால் மட்டுமே. அவர் சேர்த்து வைத்த விளையாட்டுப் பொருள், படம், பழைய ரிப்பன் எதையும் அப்புறப்படுத்தாதீர்கள். அவர் திரும்பி வந்தாலும் முதல் சில வாரம் தள்ளியே நிற்கலாம், மகளைத் தொடவும் தனியறையில் உட்காரவும் தயங்கலாம். மறுபடி பழி வருமோ என்ற அச்சம்தான் அது. மகளுக்கு அதைச் சொல்லிவைத்தால் தன்னை வெறுக்கிறார் என்று எடுத்துக்கொள்ள மாட்டாள்.

"அவங்க முகத்தைப் பார்த்தா திருடின மாதிரியே இருந்தது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். சார்ல்ஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து 2006ல் கண்டது, முகத்தையும் பேச்சையும் வைத்துப் பொய்யைப் பிரித்தறிவதில் மனிதர்களின் சராசரித் துல்லியம் 54 விழுக்காடு. நாணயம் சுண்டினாலே 50 கிடைக்கும். பழி விழுந்தவருக்குக் கை நடுங்கும், பேச்சு தடுமாறும், எடுத்திருந்தாலும் எடுக்காவிட்டாலும். அடுத்த முறை ஏதாவது காணாமல் போனால், முதலில் கடைசியாக நிச்சயமாகப் பார்த்தது எப்போது என்று எழுதுங்கள். "எப்பவும் அங்கதான் வைப்பேன்" என்பது பார்த்ததாகாது, அது வழக்கம். மூன்று நாள் யார் பெயரையும் சொல்லாமல் தேடுங்கள். பயணப் பைகளின் உள்ஜிப்பு, கோட்டுப் பைகள், தலையணை உறை, இழுப்பறைக்குப் பின்பக்கம், சோபா இடுக்கு, வாஷிங் மெஷினின் கதவு ரப்பரும் வடிகட்டியும், கைகழுவும் தொட்டியின் கீழ்க்குழாய் வளைவு, வெளியே போகாத குப்பை. வைத்தவரே தேடினால் அதே இடங்களையே திரும்பத் திரும்பப் பார்ப்பார், இடங்களை மாற்றிக்கொண்டு தேடுங்கள். வேலை செய்பவரின் பையைச் சோதிக்காதீர்கள். அதில் ஒன்றும் இல்லாவிட்டால் எதுவும் நிரூபணமாகாது, உறவு மட்டும் முடிந்துவிடும். குழந்தையிடம் கேட்டே தீர வேண்டுமானால், "அன்னைக்கு என்னென்ன நடந்துச்சு, சொல்லேன்" என்று ஒரே முறை, யார் பெயரும் இல்லாமல். பளபளப்பான பொருளைக் குழந்தையே எடுத்து எங்காவது வைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு, அதட்டிக் கேட்டால் அது வெளியே வராது. விலையுயர்ந்தவற்றைப் பூட்டிச் சாவியை நீங்களே வைத்திருங்கள். வேலைக்கு வருபவருக்கும் அது பாதுகாப்பு.

புதிதாக ஒருவரை எப்போது அமர்த்தலாம் என்பது உங்கள் கடைசிக் கேள்வி. மகளிடம் உண்மையைச் சொல்லிச் சில வாரமாவது போகட்டும். வருபவரை "புது அக்கா" என்று அறிமுகப்படுத்தாமல் அவர் பெயரைச் சொல்லுங்கள், எப்படிக் கூப்பிடுவது என்பதை மகள் தானே முடிவு செய்யட்டும். ஒரு மாதம் அவரிடம் ஒட்டாமல் இருந்தாலும் கட்டாயப்படுத்த வேண்டாம். முந்தையவரைப் பற்றி மகள் அவரிடம் பேசத் தொடங்கினால் இடையில் புகுந்து பேச்சை மாற்றாதீர்கள். என்ன நடந்தது என்று புதிதாக வருபவருக்கும் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், தவறு யாருடையது என்பதையும் சேர்த்து.